சிவப்பு வலது கண்ணுக்கு

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கடையில் நான் ஃபிட்டர். டாக்டர் எழுதிய பவருக்கு வந்த லென்ஸை ஃப்ரேம் அளவுக்குத் தேய்த்து மாட்டிக் கொடுப்பது என் வேலை. பெயர் தணிகாசலம். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக இதே மேஜை, இதே சின்ன ஸ்க்ரூ டிரைவர். காலையில் கடை திறந்ததும் முருகன் படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி காட்டி, நெற்றியில் விபூதியும் குங்குமமும் இட்டுக்கொண்ட பிறகுதான் மெஷினுக்கு ஸ்விட்ச் போடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு இது வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கிற மாதிரி அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கண்ணாடிக் கடைக்காரர்கள் சங்கத்தில் கேட்டார்கள். நல்லதாகச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு கிளிப்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதையே எழுதுகிறேன்.

1. கடைக்கு ஆப் வந்தது

எங்கள் ஓனர் ஸ்ரீதர் சார் மைசூர் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் காலையில் கடைக்கு உள்ளே பெரிய போஸ்டர் ஒன்றை ஒட்டினார். கண்ணுக்கும் மூளைக்கும் மொபைலில் பயிற்சி என்று அதில் எழுதியிருந்தது. ஆப் செய்கிற ஒரு கம்பெனியோடு நம் கடைக்கு டை-அப் ஆகியிருக்கிறது, டாக்டர் சொல்லி வருகிறவர்களின் போனில் அதை ஏற்றிக் கொடுத்து, எப்படிச் செய்வது என்று காட்டிவிட வேண்டும் என்றார். காட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது.

பெரியவர்களுக்கு ஞாபக சக்திக்கான விளையாட்டுகளும் அதில் இருந்தன. போஸ்டரைப் படித்த ஒரு ரிடையர்டு சார் முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"கண்ணாடிய எங்க வெச்சேன்னு டெய்லி மறந்துடறேன்ப்பா. அதுக்கு இதுல எதனா கேம் இருக்கா?"

"இருக்கு சார். ஆனா அந்த கேம் ஆட கண்ணாடி போட்டுக்கணும்" என்றேன். கடையே சிரித்தது. இப்படித்தான் ஆரம்பித்தது.

கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து அரை நாள் டிரெயினிங் கொடுத்தாள். அதில் முக்கியமானது குழந்தைகளுக்கான பயிற்சி. சில குழந்தைகளுக்கு ஒரு கண் நன்றாக வேலை செய்யும், இன்னொன்று சும்மா இருக்கும். கண்ணில் நோய் ஒன்றும் இருக்காது. மூளை அந்தக் கண்ணை விட்டுவிட்டு நல்ல கண்ணை மட்டும் வைத்துப் பிழைத்துக்கொள்ளும். லேஸி ஐ என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அதைத் தட்டி எழுப்பத்தான் இந்த விளையாட்டு.

பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி வரும். ஒரு பக்கம் சிவப்பு ஃபில்டர், இன்னொரு பக்கம் நீலம். போன் திரையில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு மரம், நீலக் குருவி. சிவப்பு வழியாகப் பார்த்தால் மரம் மட்டும் தெரியும், குருவி தெரியாது. நீலம் வழியாகப் பார்த்தால் குருவி மட்டும் தெரியும். சோம்பேறிக் கண்ணுக்குத்தான் குருவி தெரிய வேண்டும். அதைத் தேடித் தேடி விரலால் தொடத் தொட அந்தக் கண் விழித்துக்கொள்ளும். சோம்பேறிக் கண் எது என்று ஆப்பில் முதலில் குறித்துவிட்டால் கலரை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் கண்ணாடி மட்டும் எல்லோருக்கும் ஒரே முறைதான். சிவப்பு வலது கண்ணுக்கு, நீலம் இடது கண்ணுக்கு.

போகும்போது அந்தப் பெண் சொன்னாள்: "சார், பாக்ஸ்ல வர்ற கிளாஸையே யூஸ் பண்ணுங்க. நீங்களா எதுவும் மாத்தாதீங்க. டவுட்னா போன் பண்ணுங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கண்ணாடி மாட்டறேன்மா" என்றேன். அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

2. ஹரிணியின் கிளிப்

மஞ்சுளா பக்கத்து கார்மென்ட்ஸில் தையல் லைனில் வேலை பார்க்கிறவள். திருப்பத்தூர் பக்கம். வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட். ஒரே பெண் ஹரிணி, அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஸ்கூலில் செய்த கண் டெஸ்டில் இடது கண் சரியில்லை என்று கண்டுபிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய், பவர் கண்ணாடியும் ஆப்பும் எழுதி வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்கள்.

"சின்ன வயசுலயே சரி பண்ணிடணும், நாள் போச்சுன்னா கஷ்டம்னு டாக்டர் சொல்றாருண்ணா. பொம்பளப் புள்ள வேற. நீங்கதான் பாத்து நல்லா பண்ணிக் குடுக்கணும்" என்றாள் மஞ்சுளா. என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "உங்களப் பாத்தா சாமி ஆளு மாதிரி இருக்கீங்க, நம்பிக்கையா கீது" என்றும் சொன்னாள்.

ஹரிணிக்குப் பவர் அதிகம், கண்ணாடி கனமானது. அதன் மேல் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் கண்ணாடி நிற்கவில்லை. வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. பிள்ளை அதற்கு மேலாக எட்டிப் பார்த்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பிளாஸ்டிக் கண்ணாடியிலிருந்து இரண்டு ஃபில்டரையும் கழற்றி, ஹரிணியின் ஃப்ரேம் அளவுக்கு வெட்டி, வெயிலுக்குப் போடுகிற கிளிப் மாதிரி ஒரு கம்பி ஃப்ரேமில் கோத்தேன். அவள் கண்ணாடி மேல் அப்படியே டிக்கென்று உட்கார்ந்தது. ஓரத்தில் ஒரு நூல் அளவுகூட இடைவெளி இல்லை. என் கையால் செய்ததிலேயே நன்றாக வந்த வேலைகளில் அது ஒன்று. ஸ்ரீதர் சார் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கம்பெனிக்காரன் பாத்தா உங்களத் தூக்கிட்டுப் போயிடுவான்ரீ" என்றார்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முதலில் நான் சரியாகத்தான் மாட்டியிருந்தேன். சிவப்பு வலது கண்ணில்தான் இருந்தது. ஆப்பைத் தொடங்கும்போது போனின் முன் காமிரா தானாகத் திறக்கும். கண்ணாடி போட்ட முகம் திரையில் வரும். கீழே ஒரு கேள்வி இருக்கும்: சிவப்பு வலது கண்ணில் இருக்கிறதா? ஆமாம் என்று தொட்டால்தான் விளையாட்டு திறக்கும். ஹரிணி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்று தோள் வழியாகத் திரையைப் பார்த்தேன். முகத்தில் சிவப்பு என் வலது கைப்பக்கம் தெரிந்தது.

எங்கள் தொழிலில் கஸ்டமர் எப்போதும் எதிரே உட்கார்ந்திருப்பார். அவருடைய வலது கண் நம்முடைய இடது கைப்பக்கம் இருக்கும். இது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போனது. திரையில் ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் வலப்பக்கம் சிவப்பு இருந்தால் அது இடது கண் என்றுதான் என் மனசு எடுத்துக்கொண்டது. ஆனால் போனின் முன் காமிரா முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. அதில் வலது வலதாகவே தெரியும். ஒன்றும் தெரியாத ஆள் அங்கே நின்றிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பான். எனக்கு எல்லாம் தெரிந்திருந்ததுதான் வினை.

"தப்பா மாட்டிட்டேன் போல" என்று சொல்லி, இரண்டு ஃபில்டரையும் கழற்றி மாற்றிப் போட்டேன். கழன்றுவிடக் கூடாது என்று இரண்டு சொட்டு பசையும் வைத்தேன். திரையில் ஆமாம் என்று தொட்டேன். விளையாட்டு திறந்தது.

3. நட்சத்திரம்

ஹரிணி முதல் நாளே எல்லாக் குருவியையும் பிடித்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. ஸ்கோர் எனக்கும் கடை டேப்லெட்டில் தெரியும். தினமும் அஞ்சு நட்சத்திரம், பச்சை டிக் மார்க். வாரம் ஒரு தடவை நான் போன் செய்து விசாரிக்க வேண்டும், அது டை-அப்பில் இருந்தது.

"சூப்பரா பண்றாண்ணா. அரை மணி நேரம் உக்காந்த எடத்துல உக்காந்து ஆடறா" என்பாள் மஞ்சுளா. மெஷின் சத்தம் பின்னால் கேட்கும். டீ பிரேக்கில்தான் பேசுவாள்.

"கை ராசி" என்பேன் நான். வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, கம்பி வளைந்துவிட்டது என்று கிளிப்பைக் கொண்டுவந்தார்கள். நிமிர்த்தி மாட்டிவிட்டேன். மஞ்சுளா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். ஹரிணி என் மேஜை ஓரத்தில் நின்று சொன்னாள்.

"அங்கிள், குருவி என் நல்ல கண்ணுலதான் தெரியுது."

"ரெண்டு கண்ணுலயும் தெரியும்டா. உனக்கு அப்படித் தோணுது."

"இல்ல அங்கிள். இத மூடினா குருவி இல்ல. மரம்தான் இருக்கு. அதுவும் கலங்கலா."

"ஆப்புக்குத் தெரியும்மா எந்தக் கண்ணுக்கு எதக் காட்டணும்னு. நீ ஆடிகிட்டே இரு" என்றேன். ஒரு சாக்லேட் கொடுத்தேன்.

ஏழு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானே ஒரு கண்ணை மூடிச் சோதித்து வந்து சொல்லியிருக்கிறது. முப்பது வருஷ ஃபிட்டருக்கு அது தோன்றவில்லை. அன்றைக்கு நான் மட்டும் குனிந்து, "எந்தக் கண்ண மூடினே, காட்டு" என்று கேட்டிருந்தால் இந்தக் குறிப்பை எழுதவேண்டியதே இல்லை.

4. நோஸ்பேட்

நாலு மாசம் கழித்து ஆஸ்பத்திரியில் செக்கப். சார்ட்டில் முன்பு எந்த வரி வரைக்கும் படித்தாளோ அதே வரிதான். ஒரு எழுத்துகூடக் கூடவில்லை. ஆப்பில் எல்லாம் பச்சையாக இருக்கிறதே என்று டாக்டருக்கே குழப்பம். குழந்தை கண்ணாடிக்கு மேலாகவோ பக்கவாட்டிலோ எட்டிப் பார்த்து ஆடுகிறதா என்று கவனிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் மஞ்சுளா நேராகக் கடைக்கு வந்தாள். ஹரிணியின் இரண்டு காதுக்கும் மேலாக, தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளை எலாஸ்டிக்கால் கண்ணாடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். தைக்கிற இடத்திலிருந்து கொண்டுவந்த எலாஸ்டிக்.

"எல்லாரையும் ஏமாத்திகினு இருந்திருக்காண்ணா இவ. மேல வழியா பாத்துப் பாத்துப் புடிச்சிருக்கா. நாம நட்சத்திரம் நட்சத்திரம்னு குதிச்சிகினு இருந்தோம்."

"நான் மேல பாக்கல" என்றாள் ஹரிணி.

"வாய மூடு. அப்போ டாக்டர் பொய் சொல்றாரா? இந்த அங்கிள் செஞ்ச கிளிப்புல தப்பு இருக்கா? நீயே சொல்லு."

சந்து எதுவும் இல்லை. நான் செய்த கிளிப்பில் எட்டிப் பார்க்க வழியே கிடையாது. அது எனக்குத் தெரியும். அப்படியென்றால் பிள்ளை ஏமாற்றவில்லை. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். மூக்குப் பக்கம் நோஸ்பேட் தேய்ந்திருந்தது. "இத மாத்தி வெக்கிறேன். நாளைக்கு வாங்கிக்கங்க" என்று மட்டும் சொன்னேன். கண்ணாடியையும் கிளிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு கடை டேப்லெட்டில் விளையாட்டைத் திறந்தேன். இடது கண் பயிற்சி என்று குறித்தேன். கிளிப்பை என் மூக்கில் பிடித்துக்கொண்டு வலது கண்ணை மூடினேன். மரம்தான் தெரிந்தது. குருவி இல்லை. இடது கண்ணை மூடினேன். குருவி பளிச்சென்று கிளையில் உட்கார்ந்திருந்தது.

நல்ல கண்தான் நாலு மாசமாகக் குருவி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சோம்பேறிக் கண் சும்மா மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஸ்ரீதர் சாரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிப்போயிற்று. உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "வேற யாருக்காவது இப்படிக் கிளிப் போட்டிருக்கீங்களா?"

"இல்ல சார். இவளுக்கு மட்டும்தான். மத்தவங்க எல்லாம் பாக்ஸ்ல வந்ததுதான்."

"சரி. இப்ப மாத்திப் போட்டா சரியாயிடும்ல?"

"ஆயிடும்."

"அப்ப மாத்திப் போட்டு சும்னே இருங்க. இத வெளிய சொன்னா கடை பேரு என்ன ஆகும்? நீங்க வேணும்னேவா பண்ணீங்க?"

வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வார்த்தை எனக்கு அப்போது வெயிலில் குடை மாதிரி இருந்தது. பசையைச் சுரண்டி எடுத்தேன். சிவப்பை வலதுக்கும் நீலத்தை இடதுக்கும் மாற்றினேன். புது நோஸ்பேட் போட்டேன். மறுநாள் கொடுக்கும்போது, "நோஸ்பேட் மாத்திட்டேம்மா, இனிமே வழுக்காது" என்றேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

5. மூன்று வாரம்

இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போதுதான் சோம்பேறிக் கண் முதல்முதலாகக் குருவியைத் தேட வேண்டும். அதற்கு எப்படி உடனே தெரியும்? அஞ்சு நட்சத்திரம் வாங்கியவள் ஒரு நட்சத்திரத்துக்கு இறங்கினாள். மறுநாள் அதுவும் இல்லை. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. உங்கள் குழந்தையின் ஸ்கோர் குறைந்துகொண்டே போகிறது, கவனியுங்கள் என்று ஆப் தினமும் மஞ்சுளாவின் போனுக்குச் செய்தி அனுப்பியது.

அவள் டீ பிரேக்கில் கூப்பிட்டாள்.

"இன்னாண்ணா ஆச்சு? எலாஸ்டிக் கட்டினதுலேர்ந்து ஒண்ணுத்தயும் புடிக்க மாட்டேங்கிறா. எட்டிப் பாக்க முடியலைன்னதும் குருவியே தெரியலன்றா. அப்போ நாலு மாசமா எட்டிப் பாத்ததுதான், இல்ல?"

நான் செய்த காரியம் பிள்ளை பொய்க்காரி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"கொஞ்ச நாள்ல பழகிடும்மா. திட்டாதீங்க" என்றேன்.

"திட்டறதா? நேத்து நல்லா வெச்சேன் ரெண்டு."

அந்த வாரத்திலிருந்து வேலை முடிந்து ஆஸ்டின் டவுனில் பஸ் இறங்கியதும் நேராக எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். ஒன்பது சுற்று சுற்றுவேன். அந்தப் பிள்ளை பேருக்கு அர்ச்சனை செய்வேன். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். மனசு கொஞ்சம் லேசான மாதிரி இருக்கும். மறுநாள் டேப்லெட்டில் சிவப்பைப் பார்த்ததும் திரும்பக் கனத்துவிடும்.

என் மனைவி செல்விக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஹரிணின்னு யாரு பேருக்கு டெய்லி அர்ச்சனை பண்றீங்களாம்? பூக்காரம்மா என்னைக் கேக்குது" என்றாள். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மனிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அம்மனுக்கு முதல் நாளே தெரியுமே. அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"அடி வாங்கறது அம்மனா, அந்தக் கொழந்தையா?"

இதற்குப் பிறகும் நாலு நாள் போக்கினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

6. கண்மலர்

ஆடி மாதம், வியாழக்கிழமை. சாயங்காலம் மஞ்சுளா ஹரிணியை அழைத்துக்கொண்டு வந்தாள். கடையில் வேறு கஸ்டமர் இல்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன ரோஸ் நிறப் பேப்பர் பொட்டலத்தை எடுத்து கவுண்டர் மேல் பிரித்தாள். வெள்ளித் தகட்டில் இரண்டு கண். கண்மலர். அம்மனுக்குச் சாத்துகிறது.

"நாளைக்கு ஆடி வெள்ளிண்ணா. ஆஸ்பத்திரியும் பாத்தாச்சு, ஆப்பும் பாத்தாச்சு, இவளும் அடங்க மாட்டேங்கிறா. இனிமே அம்மாதான் கதின்னு வேண்டிகினேன். எங்க வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட், வர மாட்டாரு. நீங்க வந்து உங்க கையால குடுங்க. இவ கண்ணுக்காக இத்தினி நாளா நீங்கதான் அக்கறையா இருந்தீங்க. சாமி கும்புடற கை."

ஹரிணி அந்த வெள்ளிக் கண்களில் ஒன்றை விரலால் தள்ளினாள். "எனக்கு ஒண்ணுதானேம்மா நல்லா இல்ல. எதுக்கு ரெண்டு?"

"ஜோடியாதான் குடுக்கணும். சும்மா இரு."

அவள் தலையைத் திருப்பியபோது காதுக்கு மேலே எலாஸ்டிக் அறுத்த சிவப்புத் தடம் தெரிந்தது. மஞ்சுளா கண்மலரை என் பக்கம் நகர்த்தினாள். என் கை கவுண்டருக்குக் கீழேயே இருந்தது. மேலே வரவில்லை.

"நான் அதத் தொடக் கூடாதும்மா" என்றேன்.

"வீட்ல எதனா தீட்டா?"

"இல்லம்மா. இவ எட்டிப் பாக்கல. ஒரு நாளும் பாக்கல. நான்தான் கிளிப்புல கலர மாத்திப் போட்டுட்டேன். நாலு மாசமும் குருவி நல்ல கண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. இவ என்கிட்டயே வந்து சொன்னா. நான் கேக்கல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. கடை டேப்லெட்டை எடுத்து, பெட்டியில் வந்த கண்ணாடி ஒன்றைத் திருப்பிப் பிடித்து, ஒரு கண்ணை மூடச் சொல்லிக் காட்டினேன். பிறகு நேராகப் பிடித்துக் காட்டினேன். புரிந்துவிட்டது. தைக்கிறவளுக்கு இடது வலது சொல்லித் தரவேண்டியதில்லை.

"இப்ப இவளுக்குத் தெரியலைன்றது?"

"இப்பதான் சரியா இருக்கு. நோஸ்பேட் மாத்தின அன்னிக்கே சரி பண்ணிட்டேன். இப்பதான் அந்தக் கண்ணு வேலை செய்யவே ஆரம்பிச்சிருக்கு."

"அன்னிக்கேன்னா?"

"மூணு வாரம் ஆச்சு."

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"நாலு மாசம் நீங்க தெரியாம பண்ணது. மனுசன் கை, தப்பும். நானே எத்தினியோ பீஸ்ல எடது கை வலது கை மாத்தித் தெச்சிருக்கேன். ஆனா தெரிஞ்சுபோன அப்புறம் மூணு வாரம் இருக்குதே. இந்த மூணு வாரத்துல இவள எத்தினி நாள் அடிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அவளே போனில் சொல்லியிருக்கிறாள்.

ஹரிணிதான் பேசினாள். "அங்கிள், அப்ப இப்ப குருவி தெரியாம இருக்கறது கரெக்ட்டா?"

"கரெக்ட்டும்மா. தெரியற வரைக்கும் பாத்துகிட்டே இருக்கணும்."

"தெரியுமா அப்புறம்?"

குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன மன்னிச்சுடு கண்ணு. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றேன். அது தன் அம்மாவைப் பார்த்தது.

மஞ்சுளா வெள்ளிக் கண்களைப் பேப்பரில் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பிறகு ஹரிணியின் தலைக்குப் பின்னால் கை விட்டு எலாஸ்டிக் முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதை கவுண்டர் மேல் போட்டாள்.

"சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. இத டாக்டர்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க" என்றாள். பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஏழு வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் தூக்குவதில்லை.

7. அதற்குப் பிறகு

சனிக்கிழமை லீவு போட்டுப் போனேன். டாக்டர் கோபமாகப் பேசவில்லை. ஃபைலில் எழுதினார். "முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். அந்த நாலு மாசம் இல்லைன்னு வெச்சுக்குவோம்" என்றார். இல்லை என்று வைத்துக்கொள்ள முடியாது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த நாலு மாசமும் சரியாகச் செய்திருந்தால் பார்வை எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். அது எனக்குத் தண்டனையைவிடப் பெரிதாக இருக்கிறது. ஒரு கணக்கு இருந்தால் இவ்வளவு என்று சுமந்துவிடலாம்.

ஸ்ரீதர் சார் பதினைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கம்பெனிக்கும் நானே போன் செய்து சொன்னேன். டிரெயினிங் கொடுத்த பெண்தான் எடுத்தாள். திட்டவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்று மட்டும் சொன்னாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. கண்ணுக்கு எதை மாட்டினாலும், கலரோ பவரோ ஆப்போ, ஒரு கண்ணை மூடச் சொல்லி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு மறு கண்ணை. நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், பச்சையைப் பார்க்காதீர்கள். மாட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு சின்னக் குழந்தையாக இருந்தாலும். இரண்டாவது, தப்பு தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். சாமியிடம் சொல்வதற்கு முன்னால் சொல்லுங்கள். நான் வரிசையை மாற்றிவிட்டேன். ஃபில்டரை மாற்றிப் போட்டதாவது என் கைப் பிழை. இது அப்படி இல்லை.

அந்த வெள்ளை எலாஸ்டிக் என் மேஜை டிராயரில், ஸ்க்ரூ டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் கை அதன் மேல் படும்.

மஞ்சுளா அதற்குப் பிறகு கடைக்குள் வந்ததில்லை. போன மாதம் ஒரு நாள் ஹரிணி மட்டும் உள்ளே வந்தாள். உயரமாகிவிட்டாள். கண்ணாடியில் ஒரு ஸ்க்ரூ லூஸ். முறுக்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி சார்ட்டில் இரண்டு வரி ஏறியிருக்கிறதாம். வலது கண் அளவுக்கு இல்லை. வருமா என்று தெரியாது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் ஒன்றும் கேட்காமலே, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினாள். இடது கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதையோ எழுத்துக் கூட்டிப் படிப்பது மாதிரி புருவத்தைச் சுருக்கினாள்.

"அங்கிள், உங்க குங்குமம் ஒரு பக்கம் அழிஞ்சிருக்கு" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். அழிந்துதான் இருந்தது. வெளியே ஃபுட்பாத்தில் மஞ்சுளா முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.